ஏணியின் கடைசிப் படி

அலுவலகத்தில் அவனுக்கு ஏணி சார் என்று பெயர். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆள் சராசரிக்கும் இரண்டு விரற்கடை குட்டை. நாலே நாலு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவன் ஓர் ஏணி கட்டியிருந்தான். அதில் ஏறித்தான் சாதாரண ஹெட்போன்காரனாக இருந்தவன் மேற்பார்வையாளன் ஆனான்.

கம்பெனிக்கு வேலை லிஃப்ட் பராமரிப்பு. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர்கள் கையில். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்துவார். அந்தக் குரல் இவர்களுடைய கூடத்துக்கு வந்து சேரும். கூடம் முழுக்கப் பலகைத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு திரை, ஒரு ஹெட்போன், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஆள். பேசுவதற்கு இத்தனை பேர் இருந்தார்கள். போய்க் கதவைத் திறக்க ஊருக்கே மூன்று மெக்கானிக்குகள்தான், அதிலும் ஒருவருக்கு முதுகுவலி. ஆகவே கூடத்தின் நிஜமான வேலை, மெக்கானிக் வந்து சேரும்வரை ஆளைப் பேச்சில் பிடித்து வைப்பது.

அதற்குத்தான் ஏணி. புதிதாகச் சேர்ந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து அவன் வகுப்பெடுப்பான். "மணி, நிமிஷம்னு கணக்கு சொல்லவே கூடாது. பத்து நிமிஷம்னு சொன்னீங்கன்னா, பதினோராவது நிமிஷம் நீங்க பொய்யர். 'ஷார்ட்லி'ன்னு சொல்லிப் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் நீங்க யோக்கியர்."

முதல் படி ஷார்ட்லி. ஆள் நிதானமாகப் பேசினால் அது போதும். குரல் உயர்ந்தால் க்விக்லி. திட்ட ஆரம்பித்தால் ப்ராம்ப்ட்லி. அந்த வார்த்தை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வரும், திட்டுகிறவரே கொஞ்சம் சட்டையைச் சரிசெய்துகொள்வார். அழுதாலோ, வக்கீலைக் கூப்பிடுவேன் என்றாலோ மட்டும் கடைசிப் படி: இம்மீடியட்லி. எந்தப் படியில் நின்று சொன்னாலும் மெக்கானிக் வருகிற நேரம் ஒரு நிமிடம்கூட மாறாது. அது எல்லோருக்கும் தெரியும், லிஃப்டுக்குள் இருப்பவரைத் தவிர.

வேகத்தைச் சொல்ல நம் ஆட்கள் இங்கிலீஷைத் தொடுவது ஒன்றும் புதிதில்லை. ஃபாஸ்ட்டா குளிச்சுட்டு வா என்போம், வண்டியை ஸ்லோவா ஓட்டு என்போம், க்விக்கா ஒரு டீ குடிக்கலாமா என்போம். அதெல்லாம் வெள்ளந்தியான புழக்கம். சொல்கிறவர் மனதில் என்ன வேகமோ அதே வேகம்தான் கேட்கிறவர் காதிலும் விழும். இவன் கண்டுபிடித்தது வேறு. 'உடனே வர்றார்' என்று தமிழில் சொன்னால், 'இப்போ எந்தத் தெருவுல வர்றார்' என்று எதிராளி குடைவார். 'இம்மீடியட்லி' என்றால் மரியாதையாக வாயை மூடிக்கொள்வார். அந்த மரியாதையை வைத்துத்தான் கம்பெனி காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. ஒவ்வொரு கட்டடத்திலும் கீழே காவலாளியிடம் லிஃப்ட் கதவைத் திறக்கிற சாவி ஒன்று இருக்கும். எங்கேயோ ஒரு காவலாளி அவசரப்பட்டுத் திறந்து யாருக்கோ கால் பிசகிவிட்டதாம். அன்றிலிருந்து அந்தச் சாவியைப் பற்றி அழைப்பவரிடம் மூச்சுவிடக் கூடாது. கதவைத் தட்டுகிறவர்களைத் தட்டவும் விடக் கூடாது. தட்டினால் காவலாளிக்குக் கேட்கும்; கேட்டால் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. அக்காவுக்குத் தம்பி, மனைவிக்கு 'ஏங்க', அக்கா மகளுக்கு மாமா. அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. கணவனோடு ஒத்துவராமல் பிரிந்த பிறகு தம்பி வீட்டில்தான் இருந்தாள். மகள் அப்பாவிடம் இருந்தாள். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்பதால் கோர்ட் அப்படி ஏற்பாடு செய்திருந்தது. சேட்டை தாங்காமல் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததும் அக்காதான். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பூங்காவில், அப்பாவின் தங்கை பெஞ்சில் உட்கார்ந்து கண்காணிக்க, வாலுவை அக்கா பார்த்துவிட்டு வருவாள். வந்த அன்றைக்கு யாரோடும் பேசமாட்டாள்.

பெரிய லீவு வந்தது. லீவு முழுக்க மகளைத் தன்னிடம் விடச் சொல்லி அக்கா மனுப் போட்டாள். விசாரணைக்குத் தேதியும் கிடைத்தது. அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள்தான், கோர்ட்டுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அக்கா போய் நிற்காவிட்டால், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் அந்த மனுவைத் திரும்பப் பார்ப்பார்கள். அப்போது பார்த்து யாருக்கு என்ன லாபம்?

அன்று காலை அக்கா தலையை மூன்று தடவை வாரினாள். புடவை மடிப்பை மனைவி மண்டியிட்டுச் சரிசெய்துவிட்டாள்.

"நாலாவது மாடிக்கா. படியேறி மூச்சு வாங்கிட்டுப் போய் நிக்காத. லிஃப்ட்லயே போ, அது எங்க கம்பெனி லிஃப்ட்தான்," என்றான் அவன் பெருமையாக.

"உங்க கம்பெனின்னா பயமில்லை," என்றாள் அக்கா.

அவன் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து டீயை வாயில் வைத்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "சார், கொதிப்பு கால் ஒண்ணு. ப்ராம்ப்ட்லி வரைக்கும் போயிட்டேன், நிக்கமாட்டேங்குது. எடுக்கறீங்களா?"

கொதிப்பு கால், அதாவது எந்தப் படிக்கும் அடங்காத அழைப்பு, என்றால் அவனுக்குத் தனி உற்சாகம். கட்டடம் எது என்று திரையைக்கூடப் பார்க்காமல் ஹெட்போனை மாட்டினான். அலுவலகத்துக்கென்று அவன் ஒரு குரல் வைத்திருந்தான். தொண்டைக்கு அடியிலிருந்து வரும், பாதி இங்கிலீஷாக இருக்கும். வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"வெரி குட் மார்னிங் மேடம். சிரமத்துக்கு மன்னிக்கணும். எங்க டெக்னீஷியன் ப்ராம்ப்ட்லி கிளம்பிட்டார்."

"அதையேதான் அந்தப் பொண்ணும் சொன்னாங்க. நான் போகணும் சார், தயவுசெஞ்சு." இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல், தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"புரியுது மேடம். யூ வில் பி அவுட் வெரி க்விக்லி. மூச்சை மட்டும் ஸ்லோலி இழுத்து விடுங்க."

"மேல கோர்ட்ல பேரைக் கூப்பிட்டுருவாங்க சார். போனைக் கேட்லயே வாங்கி வச்சுட்டாங்க, வக்கீலுக்குச் சொல்லக்கூட முடியலை. நான் போகலைன்னா என் பொண்ணை லீவுக்கு அனுப்பமாட்டாங்க."

அவன் திரையைப் பார்த்தான். குடும்ப நீதிமன்றம், இரண்டாவது லிஃப்ட். அக்காதான்.

அந்த நொடியில் ஒரே ஒரு வார்த்தை போதும். அக்கா, நான்தான், கதவை ஓங்கித் தட்டு, கீழே காவலாளிகிட்ட சாவி இருக்கு. வாய்வரை வந்தது. பக்கத்துத் தடுப்பில் தரக்கட்டுப்பாட்டு அம்மாள் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தார். எந்த அழைப்பை எப்போது ஒட்டுக்கேட்பார் என்று அவருக்கே தெரியாது. சாவி என்ற சொல் வெளியே வந்தால் வேலைக்கு வேட்டு. இதுவும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் நாக்கைப் பிடித்து இழுத்தது அது இல்லை. 'மேடம்' என்று கூப்பிட்ட வாயால் 'அக்கா' என்று கூப்பிட்டால், ஒரு நிமிடத்துக்கு முன் சொன்ன ப்ராம்ப்ட்லியும் க்விக்லியும் அக்காவுக்குச் சொன்ன பொய்கள் ஆகிவிடும். தம்பி என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அழைப்பை ஊமையாக்கிவிட்டு மெக்கானிக்குகளை அனுப்புகிறவரிடம் ஓடினான். "அண்ணே, கோர்ட் லிஃப்ட். இதை மட்டும் முதல்ல அனுப்புங்க. நிஜமாவே அவசரம்."

அவர் தன் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. "எல்லாம் இம்மீடியட்லிதான் ஏணி சார். உங்க ஆளுங்க ஏத்தி ஏத்தி எல்லாரையும் உச்சியில உட்கார வச்சிருக்காங்க. இதுல எது நிஜ இம்மீடியட்லின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒருத்தன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான், ஒருத்தன் லீவு, முதுகுவலிக்காரர் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல இருக்கார். மதியத்துக்கு முன்னாடி யாரும் வரமாட்டாங்க."

அவன் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினான். காதைப் பிளக்கிற சத்தம். அக்கா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், செருப்பால் இருக்க வேண்டும். தட்டட்டும், இன்னும் கொஞ்சம் தட்டினால் யாருக்காவது கேட்கும் என்று மனதுக்குள் ஒருவன் சொன்னான். பக்கத்துத் தடுப்பில் தரக்கட்டுப்பாட்டு அம்மாள், அந்தச் சத்தம் தன் கருவியிலும் கேட்டதுபோல, தலையைத் தூக்கினார். பல வருடப் பழக்கம் பேசியது.

"தட்டாதீங்க மேடம். கதவு தட்டினா சிஸ்டம் லாக் ஆயிடும். எங்க டெக்னீஷியன் உங்க பில்டிங்குக்கு இம்மீடியட்லி வந்துட்டிருக்கார்."

சத்தம் நின்றது. "இம்மீடியட்லியா சார்?"

"இம்மீடியட்லி மேடம்."

"சரிங்க சார். கோர்ட்டுக்குள்ள சத்தம் போட்டேன்னு கெட்ட பேர் வேண்டாம். நான் சும்மா இருக்கேன்." கொஞ்சம் விட்டு, "நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்கு," என்றாள்.

அக்கா தன்னை சார் என்று கூப்பிட்டு நன்றி சொல்வதை அவன் ஹெட்போனில் கேட்டான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் வேண்டுமென்றே இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தான். கதவைத் திறந்தால் அக்கா முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டிக்கொண்டு போன புடவையை இன்னும் மாற்றவில்லை. மனைவி கண்ணால் ஜாடை காட்டினாள்.

"மூணு தடவை கூப்பிட்டாங்களாம்," என்றாள் அக்கா. "வக்கீலம்மா சமாளிச்சுப் பார்த்திருக்காங்க. ஆள் வரலை, லீவுக்கப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சுட்டாங்க. நான் வெளிய வந்தப்போ ஜட்ஜம்மா சாப்பிடப் போயாச்சு."

"கம்பெனியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் மனைவி. கேள்வி அக்காவுக்குத்தான். குத்தியது அவனுக்கு.

"பாவம், ஒருத்தர் பேசினார். நல்ல மரியாதையான ஆள். இம்மீடியட்லி, இம்மீடியட்லின்னார். அவர் என்ன செய்வார், அவருக்கும் மேல இருக்கறவங்க சரியில்லை போல." அக்கா அவனைப் பார்த்தாள். "உனக்கு அந்த மாதிரி ஆளுங்களைத் தெரியுமாடா?"

"பெரிய கூடம்க்கா," என்றான். சட்டையைக் கழற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான். கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே கூசியது.

சுவருக்கு அந்தப் பக்கம் வாலுவின் போன் வந்தது. அக்கா குரலைத் தேற்றிக்கொண்டு பேசுவது கேட்டது. "வருவடா கண்ணு. சீக்கிரம் வந்துடுவ. வெரி சூன்." போனில் குழந்தை ஏதோ கேட்டது. அக்கா பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "சூன்னா... சூன்தான்டா," என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் போனை மனைவியிடம் நீட்டினாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி போனில் வக்கீலம்மாதான் ஒரு வழி சொன்னார். அக்கா லிஃப்டில் மாட்டியிருந்தது உண்மை என்று காட்டினால், கோர்ட் மூடுவதற்கு முன் கடைசி நாளில் மனுவை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். காவலாளி சாட்சிக்கு வரமாட்டேன் என்கிறார். லிஃப்ட் கம்பெனியில் பேச்சைப் பதிவு செய்திருப்பார்கள், அது கிடைத்தால் போதும்.

"உங்க கம்பெனிதானேடா," என்றாள் அக்கா. அவள் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் வந்தது. "வாங்கித் தர முடியுமா?"

"சீக்கிரம் பாக்கறேன்க்கா," என்றான். சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் வக்கீலம்மாவும் பதிவைக் கேட்டுக் கம்பெனிக்கு எழுதிவிட்டார். மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். மனிதர் பதிவைக் கேட்டிருந்தார். "தட்டாதீங்க, லாக் ஆயிடும்... இது வெளிய போனா நம்ம மானம் போயிடும். அன்னைக்கு ரெக்கார்டிங் வேலை செய்யலைன்னு எழுதிடலாமா?"

எழுதிவிடலாம். அவனுடைய குரல் கம்ப்யூட்டருக்குள்ளேயே செத்துப் போகும். அக்காவுக்கு ஒருநாளும் தெரியாது. இரண்டு மூன்று நாள் அழுவாள், பிறகு கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்துவிடுவாள், அவன் மரியாதையான தம்பியாகவே இருந்துவிடலாம். சபலம் தட்டவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

"வேலை செஞ்சுது சார். குடுத்துடலாம்," என்றான்.

"பேசினது நீதான்யா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். மாட்டியிருந்தது எங்க அக்கா."

மேனேஜர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த மாதம் அவனுக்கு மேற்பார்வை நாற்காலி இருக்காது என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிதாக இருந்தது. பதிவு இருந்த பென் டிரைவைக் கையில் கொடுத்தபோது சொல்ல நினைத்தான். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எப்படிச் சொல்வான்? ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தான், மனைவி தண்ணீர் கேட்டாள், அதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டான். கோர்ட்டுக்குப் போகிற வழியெல்லாம், அடுத்த சிக்னலில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சிக்னலையும் தாண்டினான். அன்று இருவரும் படியில்தான் ஏறினார்கள்.

நீதிபதியின் அறை சின்னது. ஒரு பக்கம் அக்காவும் வக்கீலம்மாவும். மறுபக்கம் குழந்தையின் அப்பாவும் அவருடைய வக்கீலும். ஓரத்தில் தட்டச்சு செய்கிறவர். மேசைமேல் லேப்டாப்பை வைத்துப் பதிவைப் போட்டார்கள். வெரி குட் மார்னிங் மேடம் என்று அறை முழுக்க அவன் குரல் கேட்டது.

அக்கா முதலில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சை ஸ்லோலி இழுத்து விடுங்க என்ற இடத்தில் தலையைத் தூக்கினாள். லிஃப்டுக்குள் தகரமாய்க் கேட்ட குரல் இங்கே தெளிவாக இருந்தது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏதோ கடித்துவிடும் என்பதுபோல. தட்டாதீங்க மேடம் என்று வந்தபோது அவள் கை மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டது. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. குழந்தையின் அப்பா காதில் ஏதோ சொன்னதும் எழுந்தார். "அம்மா, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மனுதாரரோட கூடப்பிறந்த தம்பி. இதோ இங்கேயே நிக்கிறார். அக்கா லிஃப்ட்ல மாட்டினாங்களாம், தம்பி போனை எடுத்தாராம். வீட்டுல உட்கார்ந்து பேசிப் பதிவு பண்ணியிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அக்காங்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பாதியிலதான் தெரிஞ்சுது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பாதி எது என்று அவர் கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. "கோர்ட்னு சொன்னதும் தெரிஞ்சுதும்மா," என்றான்.

"தட்டாதீங்கன்னு சொன்னது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

தட்டச்சுக்காரர் அடிப்பது நின்றது. பிறகு தொடர்ந்தது.

"லாக் ஆயிடும்னு சொன்னீங்களே?"

"ஆகாதும்மா. தட்டினா காவலாளிக்குக் கேட்டுடும். அவர்கிட்ட சாவி இருக்கு."

"டெக்னீஷியன் இம்மீடியட்லி வர்றார்னு சொன்னீங்க."

"மதியத்துக்கு முன்னாடி வரமாட்டார்னு விசாரிச்சுட்டு வந்துதான் சொன்னேன்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "நான்தான் உன் தம்பின்னு ஏன் சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு?"

"அதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்னு அக்காவுக்குத் தெரிஞ்சுடும்னு."

தட்டச்சுக்காரர் சரிபார்ப்பதற்காக உரக்கப் படித்தார். பேச்சுத் தமிழ் அவர் கையில் எழுத்துத் தமிழாகியிருந்தது. "சிக்கியிருப்பவர் என் தமக்கை என்று அறிந்த பின்னரே, கதவைத் தட்ட வேண்டாம் என்று கூறினேன். ஊழியர் வரமாட்டார் என்று தெரிந்தே, உடனே வருவார் என்று கூறினேன். சரிதானே?" சரி என்று அவன் சொன்னான். அந்த அறையில் இருந்த பூட்டிய அலமாரிக்குக்கூடத் தன்னைத் தெரிந்துவிட்டது போலிருந்தது. கூனிக் குறுகி நிற்பது என்பார்களே, அது வெறும் சொல் இல்லை, உடம்பு நிஜமாகவே குறுகுகிறது.

"வக்கீல் சார்," என்றார் நீதிபதி, "இங்க பொய் சொல்றவங்க தங்களை நல்லவங்களா காட்டிக்கத்தான் சொல்லுவாங்க. தன்னை இப்படிக் காட்டிக்கறதுக்கு யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை." மனுவை மறுபடி விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கேட்டார். லீவு முழுக்கக் குழந்தை அம்மாவிடம் இருக்கலாம் என்று உத்தரவு போட்டார். அக்கா எழுந்து கைகூப்பினாள். வக்கீலம்மா அவள் தோளைத் தட்டினார்.

படியில் இறங்கும்போது அக்கா முன்னால் போனாள். அவன் இரண்டு படி பின்னால். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள், திரும்பவில்லை.

"அன்னைக்கு வெளிய காலடிச் சத்தம் கேட்டுச்சு," என்றாள். "யாரோ விசிலடிச்சுக்கிட்டே போனாங்க. ரெண்டு தட்டு தட்டியிருந்தா திறந்திருப்பாங்க. அந்த சார் சொன்னாரேன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"அக்கா..."

"விடு. அதான் பொண்ணு வர்றாளே," என்றாள். இறங்கிப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். அதற்குக்கூடத் தான் லாயக்கில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றான்.

வாலு ஒரு பெட்டியோடும் ஒரு கிழிந்த பொம்மை முயலோடும் வந்து இறங்கினாள். வீடு இரண்டுபட்டது. வந்த அன்று சாயங்காலம், குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா துணிகளை மடித்தபடி அவனிடம் பேசினாள். பால் எத்தனை மணிக்கு, எந்தப் போர்வை என்று சொல்கிற அதே குரல்.

"அவ எதையாவது கேட்டா நீ வாயால எதுவும் சொல்லாத. செய்ய முடிஞ்சா செய். முடியலைன்னா என்கிட்ட அனுப்பு. சொல்றது மட்டும் வேண்டாம்."

"சரிக்கா," என்றான். பேசியே வயிறு வளர்த்தவன். மனைவி கேட்டும் கேட்காததுபோல அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை வாலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, தெரு முனையில ஊஞ்சல் இருக்கே, எப்போ கூட்டிட்டுப் போவீங்க?"

சீக்கிரம் என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்தது. அக்கா ஜன்னலோரம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது. அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து செருப்பைத் தேடினான்.

"இப்பவேவா மாமா?"

அவன் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். தெருவுக்கு வந்ததும் ஏதோ தோன்றி அண்ணாந்து பார்த்தான். அக்கா ஜன்னலில் நின்றிருந்தாள். இருவரும் நிஜமாகவே தெரு முனை வரைக்கும், ஊஞ்சலுக்குத்தான் போகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.